பதினொரு வீட்டுத் தண்ணீர்

எங்கள் சரிவில் பதினொரு வீடுகள். அவற்றில் தண்ணீர்க் குழாய்கள் ஐம்பத்து மூன்று, துணி துவைக்கும் மெஷின்கள் எட்டு, சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிற வீடுகள் இரண்டு. வீடு வீடாகப் போய் நானே எண்ணினேன். கதவைத் திறந்தவர்களில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான்; முகம் சுளிப்பவர்களுக்கு நடுவில்தான் என் உத்தியோக காலம் முழுவதும் போயிற்று.

கடைசி வீடு என்னுடையது. மேலே இருக்கிற பத்து வீடுகளின் சமையலறைத் தண்ணீர், குளித்த தண்ணீர், துணி துவைத்த தண்ணீர் எல்லாம் ஒரே சாக்கடையாக இறங்கி, என் வீட்டுப் பின்பக்கம் பேரிக்காய் மரத்தைத் தாண்டி, தடுப்புச் சுவருக்கு அடியில் இருக்கும் ஒரு சிமெண்டுக் குழாய்க்குள் நுழையும். குழாயின் மறுமுனை கீழே இருக்கும் கேரட் தோட்டத்தில் திறக்கும். கக்கூஸ் தண்ணீருக்கு அவரவர் வீட்டில் தனித் தொட்டி உண்டு. அந்த மட்டுக்கும் நல்லது.

தோட்டக்காரர் வில்பட்டிக்காரர். ஐம்பது வயது இருக்கும். ஒரு நாள் வெள்ளனே என் சமையலறை வாசலில் வந்து நின்று, ஒரு கட்டுக் கேரட்டைப் படியில் வைத்தார். என் மனைவி நன்றி சொல்லி எடுக்கப் போனாள்.

"எடுக்காதீங்கம்மா. சாரை வந்து மோந்து பாக்கச் சொல்லுங்க."

மோந்து பார்த்தேன். சோப்புத் தூள் வாசனையும் அதற்கு அடியில் ஊசிப்போன சாம்பார் வாசனையும் வந்தன.

"வத்தலக்குண்டு மண்டியில மூட்டையைப் பிரிச்சுட்டு அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க சார். ஏம்ப்பா, இத வெளைய வச்சியா, வெளுக்கப் போட்டியான்னு கேக்கான். நாலு பேர் முன்னாடி."

"முன்னெல்லாம் இப்படி இல்லையே?"

"முன்னெல்லாம் மேல வீட்டுக்கு வீடு மெசினா ஓடுச்சு? பொங்கல் வரைக்கும் பாப்பேன் சார். அதுக்குள்ள நாத்தம் நிக்கலேன்னா, குழாய் வாய்ல கல்லையும் சிமெண்டையும் வச்சு அடைச்சுப்புடுவேன். என் நெலத்துல இருக்கிற வாய். யாரும் கேக்க முடியாது."

கேட்க முடியாதுதான். அவர் போனதும் சாக்கடையின் சாய்வையும் என் வாசலின் உயரத்தையும் நூல் பிடித்து அளந்து பார்த்தேன். குழாய் அடைபட்டால், முதல் நாள் மாலைக்குள் பதினொரு வீட்டுத் தண்ணீரும் என் சமையலறைப் படியில் ஏறிவிடும். மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப வீட்ட மேல தூக்கி வைங்க" என்று சொல்லிவிட்டு அவள் கேரட்டை எடுத்து இரண்டு முறை கழுவினாள்.

எங்கள் சரிவுக்கு ஒரு சங்கம் உண்டு. அதன் தலைவி ஒரு விடுதியில் மேட்ரனாக இருந்தவர். எல்லோருக்கும் மேட்ரம்மா. அவர் வீட்டு முன்னறையில் கூடினோம். குழாயைப் பக்கவாட்டில் நீட்டி ஓடையில் விட்டுவிடலாம் என்று சுற்றுலாக்காரர்களுக்கு வீடு விடுகிற வாடகை வீட்டுக்காரர் ஒருவர் சொன்னார். ஓடை எங்கே போகிறது என்று கேட்டேன். கீழே போகிறது என்றார். கீழே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் தன் போனைப் பார்க்க ஆரம்பித்தார். என்னிடம் வேறு வழி இருந்தது. நான் வேலை பார்த்த பள்ளியின் விடுதிச் சமையலறைக்குப் பின்னால் ஒரு செடிப்பாத்தி இருந்தது. தண்ணீர் முதலில் ஒரு தொட்டியில் நின்று கசடைக் கீழே விடும். பிறகு ஜல்லி நிரப்பிய நீளமான குழிக்குள் போகும். ஜல்லிக்கு மேலே தண்ணீர் தெரியாது, கொசு வராது. ஜல்லியில் நட்ட செடிகளின் வேரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கும். அழுக்கைத் தின்பது அவை. செடி அவற்றுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறது, காற்றும் கொடுக்கிறது. இடம் எங்கே என்று கேட்டார்கள். பேரிக்காய் மரத்துக்குக் கீழே என் இடத்தைத் தருகிறேன் என்றேன். உடனே எல்லோருக்கும் அந்த யோசனை பிடித்துப்போயிற்று.

குழி வெட்டிக் கனமான கருப்பு விரிப்புப் போட்டு ஜல்லி கொட்டும் வரை ஒற்றுமையாக இருந்தோம். என்ன செடி என்ற பேச்சு வந்ததும் சண்டை ஆரம்பித்தது.

குழி வெட்டிக் கொடுத்த கொத்தனார் கல்வாழை என்றார். "எல்லா ரிசார்ட்டுலயும் அதான் சார் போடுதோம். சிவப்பு, மஞ்சள் ரெண்டும் கலந்து விட்டா கெஸ்ட்டெல்லாம் போட்டோ எடுப்பாங்க."

மேட்ரம்மா வெள்ளை லில்லி என்றார். இந்த மலையில் ஈரம் கண்ட இடமெல்லாம் நிற்கிறதே, புனல் போல மடங்கிய வெள்ளைப் பூ, அதுதான். "சும்மா ஊனினா வளரும் சார். தண்ணியையும் கிளீன் பண்ணும், ஈஸ்டருக்கு ஆல்ட்டருக்குப் பூவும் ஆச்சு. வருஷா வருஷம் பூவுக்கு நான் அலையிறது உங்களுக்குத் தெரியுமா?"

"பாத்ரூம் தண்ணியில வளர்ந்த பூவைப் பீடத்துல வைக்கப் போறீங்களா மேட்ரம்மா?" என்றேன்.

"பூவுக்கு என்ன தெரியும்? நீங்க சொல்லாம இருந்தாப் போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. லில்லி அழகில்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. பேத்துப்பாறைப் பக்கம் ஒரு சதுப்பு உண்டு. நான் இளைஞனாக இருந்தபோது அங்கே கோரையும் வசம்பும் பெயர் தெரியாத சிறு புல்லும் கலந்து நின்றன. இப்போது போய்ப் பாருங்கள், ஓரம் முதல் ஓரம் வரை லில்லிதான். யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் அழகுக்காக வைத்த கிழங்கு, ஒரு மழையில் பெயர்ந்து வந்து இறங்கியது. எங்கள் குழியின் கடைவாய் ஒருவருடைய தோட்டத்தில் திறக்கிறது. ஒரு துண்டுக் கிழங்கு குழாய் வழியாகப் போனால் போதும், இரண்டு வருஷத்தில் அவர் கேரட்டைத் தேட வேண்டியிருக்கும். சோப்பு அனுப்பியது போதாதென்று இதையும் அனுப்ப வேண்டுமா? இந்த மலையின் ஈரத்தில் பிறந்த செடிதான் என் இடத்தில் வரும், இல்லையென்றால் குழியை மூடிவிடுவேன் என்றேன்.

"லோக்கல் செடி சோப்புத் தண்ணியத் தாங்குமா சார்?" என்றார் மேட்ரம்மா.

நியாயமான கேள்வி. பதில் தேடி நான் முதலில் போனது தப்பான இடத்துக்கு. சோலைக்காட்டு ஓரத்தில் இருக்கும் சுத்தமான சதுப்புக்குப் போனேன். சட்டைப் பொத்தான் போன்ற வெள்ளைத் தலைகளோடு விரல் உயரத்தில் ஒரு செடி ஆயிரக்கணக்கில் நின்றது. அதன் காலடித் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடிக்கலாம். எங்கள் பதினொரு வீட்டுத் தண்ணீரில் ஒரு குவளையை அங்கே ஊற்றினால் அந்தச் செடி அன்றைக்கே தலை சாய்ந்துவிடும். திரும்பி வரும் வழியில்தான் புத்தி வந்தது. அழுக்கைத் தாங்கும் செடியை அழுக்கில்தானே தேட வேண்டும்?

அதன்பின் ஊரின் அழுக்குத் தண்ணீர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஹோட்டல்களின் பின்பக்கம், மாட்டுத் தொழுவத்து வாய்க்கால், வேன் கழுவும் இடம், துணி வெளுக்கும் கடையின் சாக்கடை. மொத்தம் ஒன்பது இடங்கள். ஒவ்வொன்றிலும் கரையில் உட்கார்ந்து, எந்தச் செடி எத்தனை நிற்கிறது, எது வேர் வரைக்கும் பச்சையாக இருக்கிறது என்று எண்ணினேன். வெளுப்புக் கடையின் பின்னால் உட்கார்ந்திருந்தபோது கடைக்காரர் வந்தார்.

"என்ன சார், மோதிரம் கீதிரம் விழுந்துபோச்சா?"

"ஒன்னும் விழல. எண்ணுறேன்."

"எதை?"

"உங்க சாக்கடையில இருக்கிற கோரையை."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு உள்ளே பார்த்துக் கத்தினார். "ஏலே, வெரசா மெசினை நிப்பாட்டுலே! முனிசிபாலிட்டியில இருந்து கணக்கு எடுக்க வந்திருக்காக!"

நான் முனிசிபாலிட்டி இல்லை என்று புரிய வைக்கப் பட்ட பாடு பெரும் பாடு. கடைசி வரை அவர் நம்பவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார்.

ஒன்பது இடத்திலும் நின்றது ஒரு கோரை. இலை இல்லாமல், ஊசி ஊசியாக உருண்ட தண்டோடு முழங்கால் உயரத்துக்குக் கொத்தாக நிற்கும். புத்தகத்தில் அதற்குத் தனிப் பெயர் இருக்கிறது. இங்கே எல்லாமே கோரைதான். வசம்பு ஐந்து இடத்தில் நின்றது. இளஞ்சிவப்புக் கதிர் விடுகிற, தண்டில் முடிச்சு முடிச்சாக இருக்கும் ஒரு செடி ஆறு இடத்தில். பழுப்புக் கதிரோடு ஆள் உயரம் நிற்கும் சம்பு நான்கு, நாணல் மூன்று. ஐந்தும் இந்த மலைக்கு உரியவை. ஐந்தையும் சேற்றோடு பெயர்த்து வந்தேன். மொத்தம் இருநூற்று நாற்பது கொத்துகள். கோரை நூறு, மற்றவை முப்பத்தைந்து முப்பத்தைந்து. ஜல்லியில் கைவிட்டுக் குழி பறித்து நட்டுவிட்டு எழுந்திருக்க முடியாமல் நான் மண்டியிட்டுக் கிடந்தபோது, மனைவி ஜன்னலிலிருந்து, "ஜெபம் முடிஞ்சா சாப்பிட வாங்க" என்றாள்.

நட்டது மழைக்காலத் தொடக்கத்தில். நாணலும் சம்பும் மளமளவென்று குருத்து விட்டன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு காலை கதவைத் திறந்தபோது வேலி சாய்ந்து கிடந்தது. பாத்தி நடுவே என் உள்ளங்கையை விரித்து வைக்கும் அளவுக்குக் குளம்புத் தடங்கள். காட்டு மாடு. எங்கள் ஊரில் அவை கடைத்தெருவிலேயே நடமாடுபவை. என் வேலி அவற்றுக்கு ஒரு பொருட்டா? நாணலில் ஒன்றுகூட மிச்சமில்லை. சம்பு அடியோடு பிடுங்கப்பட்டிருந்தது. முடிச்சுச் செடி மிதிபட்டுக் கூழாகியிருந்தது.

செய்தி எனக்கு முன்னால் மேலே போய்விட்டது. மேட்ரம்மா குடையை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்தார்.

"பேப்பர் திருத்தி மார்க் போட்டுட்டுப் போயிருக்கு சார் மாடு. பெயிலா?"

"இன்னும் எண்ணல."

"லில்லிய மாடு தொடாது. அது நாக்கை அரிக்கும். ஊருக்கே தெரியும்."

எண்ணினேன். வசம்பு முப்பத்தைந்தில் முப்பத்து மூன்று. அதன் காரவாசனை மாட்டுக்கு ஆகவில்லை. கோரை நூற்றில் தொண்ணூற்று ஒன்று. சிலவற்றின் நுனியை மட்டும் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பியிருந்தது. ஐந்து செடிகளில் எவை இரண்டு இங்கே நிற்கும் என்பதை மாடே முடிவு செய்து கொடுத்துவிட்டது. மேட்ரம்மாவிடம் அதைச் சொன்னேன்.

"மூணு தோத்ததைச் சொல்லாம ரெண்டு ஜெயிச்சதைச் சொல்றீங்க."

"ரெண்டு போதும் மேட்ரம்மா."

காலியான இடமெல்லாம் கோரையும் வசம்புமே நட்டேன். வேலியைத் தூக்கி நிறுத்தினேன், மாட்டுக்காக இல்லாவிட்டாலும் என் திருப்திக்காக. மழை முழுக்கப் பெய்தது. கோரை கொத்துக்குக் கொத்து இடைவெளி தெரியாமல் நெருங்கியது. பாத்தியின் கடைசியில், தண்ணீர் குழாய்க்குள் போவதற்கு முன்பு ஒரு சிறு தொட்டி வைத்திருந்தேன், பார்ப்பதற்கும் மோந்து பார்ப்பதற்கும். முதலில் பால் கலந்த மாதிரி வந்த தண்ணீர், நவம்பர் முடியும்போது வெறும் டீத்தூள் கழுவிய நிறத்துக்கு வந்தது. தோட்டக்காரர் வந்து குனிந்து மோந்தார்.

"பரவால்ல சார்" என்றார். மலைக்காரர் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வருவது எளிதில்லை. "இதே மாதிரி பொங்கல் வரைக்கும் இருக்கட்டும்."

நான் அதுவரை பதினொரு வீட்டிலும் சொல்லியிருந்தது எண்ணெயைப் பற்றி, சோற்றுப் பருக்கையைப் பற்றி, சாயம் போகும் துணியைப் பற்றி. கிறிஸ்மஸைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்? எங்கள் சரிவில் எட்டு வீடுகள் கிறிஸ்தவ வீடுகள். பண்டிகைக்கு முன் பாட்டுக் குழு வீடு வீடாக வரும். அவர்கள் வருவதற்குள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, தரையைப் பினாயில் ஊற்றித் தேய்த்து, குளியலறைக்கு பிளீச்சிங் பவுடர் கொட்டி, வாசல் வரை அலம்பிவிட வேண்டும். எட்டு வீட்டுக்கும் ஒரே சனிக்கிழமை. மற்ற மூன்று வீடுகளும் இவர்கள் செய்வதைப் பார்த்துப் பொங்கல் வெள்ளையடிப்பை அன்றைக்கே வைத்துக்கொண்டன, ஆள் கிடைத்தது என்று. அழுக்குதான் என் பாத்தியைக் கெடுக்கும் என்று காவல் இருந்தேன். அதை ஒரே நாளில் கொன்றது சுத்தம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து பின்பக்கம் போனேன். ஜல்லி மேல் சுண்ணாம்புக் குழம்பு வெள்ளையாகப் படிந்து கிடந்தது. நீச்சல் குளத்து வாசனை. இரண்டு நாள் கழித்து அழுகிய முட்டை வாசனை. கோரை அடியிலிருந்து மஞ்சளித்தது. சிறு தொட்டியில் தண்ணீர் மறுபடியும் பாலாக வந்தது. சமையலறைக்குப் போனேன். சிங்க்குக்கு அடியில் காலியான பிளீச்சிங் பவுடர் பாக்கெட்டுகள் கிடந்தன. எண்ணினேன். மூன்று.

"நம்ம வீட்டுலயுமா?"

"ஏங்க, கேரல் பாட வர்றவங்க கை கழுவப் போனா, பாத்ரூம் பச்சை பிடிச்சுக் கெடக்கு, கணக்கு சார் வீடு இப்படியான்னு சொல்ல மாட்டாங்களா?"

"ஒன்னு போட்டிருக்கலாமே. மூணு எதுக்கு?"

"மேட்ரம்மா வீட்டுல நாலு" என்றாள்.

பண்டிகைக்குக் கேக் சாப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். நினைவில் இருப்பது தோட்டக்காரர் முகம். இன்னும் கொஞ்ச நாளில் அவர் கல்லும் சிமெண்டும் எடுத்துக்கொண்டு வருவார். அவர் அடைத்தால் அது சிமெண்டு; திரும்பத் திறக்காது. சங்கத்தில் பேசினால், லாரி வைத்து உறிஞ்சலாம், ஓடையில் விடலாம், லில்லி போடலாம் என்று மூன்று வாரம் ஓடிவிடும். அதற்குள் இந்தச் சுண்ணாம்புத் தண்ணீர் முழுவதும் அவர் தோட்டத்துக்குப் போய்விடும்.

கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலை, இரண்டு சாக்கில் களிமண்ணை அடைத்து, பழைய போர்வையைச் சுற்றி, என் பக்கத்துக் குழாய் வாயை நானே அடைத்தேன்.

மாலையில் தண்ணீர் சமையலறைப் படியைத் தொட்டது. என் அளவு சரியாகத்தான் இருந்தது. முற்றத்தில் செங்கல்லை வரிசையாக வைத்து, துணிக்கொடி வரைக்கும் பாதை போட்டேன். மனைவி ஈரத்துணி வாளியோடு செங்கல்லில் தாவித் தாவிப் போவதைப் பார்த்து மேல்வீட்டில் யாரோ சிரித்தது கேட்டது. அவள் நின்று, மேலே பார்த்து, "சிரிங்க, சிரிங்க, எல்லாம் உங்க வீட்டுத் தண்ணிதான். காலுக்கு நல்லா வெதுவெதுப்பாத்தான் இருக்கு!" என்று கத்தினாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் சாக்கை எடுங்கள் என்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மேட்ரம்மா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் வாடகை வீட்டுக்காரர்.

"சார், இது என்ன மறியல்? மேல என் வீட்டு வாசல் வரைக்கும் நாத்தம் வருது" என்றார் மேட்ரம்மா.

"வாசல் வரைக்கும் வாசனைதானே வருது. தண்ணி என் வாசல்லதானே நிக்குது. வந்து பாருங்க."

"மரியாதையா எடுத்து விடுங்க. கீழ உள்ள ஆளு அடைக்கிறதா இருந்தா அப்புறம் பாத்துக்கலாம். அவன் அடைக்கிறதுக்கு முந்தி நீங்களே அடைக்கிறது என்ன நியாயம்?"

"அவர் அடைச்சா அவர் தோட்டத்துக்காக அடைக்கிறார். நான் அடைச்சது நம்ம அழுக்கை நாமளே கொஞ்ச நாள் வச்சிருந்து பாப்போம்னு."

"கெஸ்ட்டெல்லாம் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க சார்" என்றார் வாடகை வீட்டுக்காரர்.

"அப்ப தண்ணி கொறையும். நல்லது."

மேட்ரம்மா பாத்தி ஓரத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தார். மஞ்சளித்த கோரையைக் கையால் தடவினார். அவர் கெட்டவர் இல்லை. விடுதியில் நூறு பிள்ளைகளுக்குப் பேன் பார்த்து வளர்த்தவர். "லில்லியா இருந்தா செத்திருக்காது சார்" என்றார் மெதுவாக.

"செத்திருக்காது மேட்ரம்மா. அதான் எனக்குப் பயம்."

நான் என் நிபந்தனைகளைச் சொன்னேன். பாத்தி தெளியும் வரை எந்த வீட்டிலும் பிளீச்சிங் பவுடரும் பினாயிலும் கூடாது. மெஷின் வாரத்துக்கு இரண்டு முறை மட்டும். பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்து அவரவர் செடிக்கு ஊற்ற வேண்டும். யாராவது மீறினால் தண்ணீர் மட்டம் எனக்குச் சொல்லிவிடும். செங்கல்லில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

"பள்ளிக்கூடமா நடத்துறீங்க?" என்றார் வாடகை வீட்டுக்காரர்.

"ஆமா. பெயிலானவங்க என் முத்தத்துல வந்து நிக்கலாம்."

மேட்ரம்மா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அன்று மாலை செங்கல்லில் தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இறங்கியது. மறுநாள் மூன்று விரல். புதிதாக வந்த கொஞ்சத்தை முற்றத்து மண்ணே உறிஞ்சிக்கொண்டது.

பாத்தியைச் சரி செய்வது வேறு வேலை. தண்ணீர் ஜல்லிக்குக் கீழே இறங்கியதும் கொத்தனாரைக் கூப்பிட்டு, சுண்ணாம்பு படிந்த முன்பக்கத்து ஜல்லியை அள்ளி வெளியே கொட்டிக் கழுவினோம். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் பாதைக் குழிகளில் ஊற்றினோம். பிறகு வெளுப்புக் கடைச் சாக்கடைக்குப் போனேன். இந்த முறை செடியை விட அதன் சேறுதான் எனக்கு வேண்டியது. சோப்பைத் தின்று பழகிய பூச்சிகள் அந்தக் கறுப்புச் சேற்றில்தான் இருக்கின்றன. கடைக்காரர் என்னைக் கண்டதும் மெஷினை நிறுத்த ஓடினார். ஓட்டுங்கள், நன்றாக ஓட்டுங்கள் என்றேன். எட்டு வாளிச் சேற்றைக் கோரையோடு கொண்டுவந்து பாத்தியில் கலந்தோம். கொத்தனார் மூக்கைத் துணியால் கட்டியிருந்தார்.

"கல்வாழை போட்டிருந்தா இந்நேரம் பூவே பூத்திருக்கும் சார்."

"பூத்துட்டுப் போகட்டும். நீங்க வாளியத் தூக்குங்க."

ஜனவரியில் உறைபனி விழுந்தது. வசம்பின் நுனிகள் கருகின. ஒவ்வொரு காலையும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய்க் குனிந்து பார்ப்பேன். ஒரு காலை மஞ்சள் கோரையின் அடியில், பென்சில் முனை போல ஒரு பச்சை தெரிந்தது. பிறகு ஒரே கொத்தில் ஏழு. பிறகு எண்ணுவதை நிறுத்தும் அளவுக்கு. இதை நான் சும்மா சொல்லவில்லை. நான் எண்ணுவதை நிறுத்தியது என் மனைவிக்கே அதிசயம். அழுகிய முட்டை வாசனை போய்விட்டது. ஆனால் வாசனை போனதும் திறந்துவிடும் அவசரக்காரன் நான் இல்லை. சிறு தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் அடைத்து, மூடியை இறுக்கி, இருட்டான இடத்தில் சில நாள் வைத்து, பிறகு திறந்து மோந்து பார்க்க வேண்டும். தண்ணீரில் அழுக்கு மிச்சமிருந்தால் பாட்டிலுக்குள் அது அழுகி, திறந்ததும் காட்டிக்கொடுத்துவிடும். இருட்டான இடம் என்று பார்த்தால் அரிசிப் பானைக்குப் பின்னால்தான். மனைவி அதைப் பார்த்த நாளில் எங்கள் வீட்டில் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. பாட்டில் பேரிக்காய் மரத்தடியில் ஒரு சட்டிக்குக் கீழே இடம் மாறியது.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் தோட்டக்காரர் வந்தார். கையில் கடப்பாரை. சிமெண்டு மூட்டை இல்லை.

"என்ன சார் இது, என் சோலியை நீங்களே பாத்துட்டீங்களா?"

"பொங்கல் வரைக்கும்னு சொன்னீங்க. அதுக்கு முந்தியே அடைச்சிட்டேன். உங்க தோட்டத்துக்கு ஒரு சொட்டு வரலயே?"

"அதான் சார் வரல!" அவர் கடப்பாரையைத் தரையில் குத்தினார். "கீழ்ப் பாத்தி காஞ்சு கெடக்கு. மழை நின்னு எத்தனை நாளாச்சு. ஊத்துத் தண்ணி மேல ரெண்டு பாத்திக்குத்தான் காணும். பனி வேற பொசுக்குது. எடுத்து விடுங்க சாக்கை."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இத்தனை வருஷமாக அவர் கீழ்ப் பாத்தி எங்கள் தண்ணீரில்தான் கோடையைத் தாண்டியிருக்கிறது. அடைத்துவிடுவேன் என்று அவர் மிரட்டியது, அடைத்தால் தனக்கே நஷ்டம் என்று தெரிந்துகொண்டேதான்.

"அப்ப சிமெண்டு வச்சு அடைப்பேன்னது?"

"கோவத்துல சொன்னதுதான். நீங்க அடைப்பீங்கன்னு யாரு கண்டா?"

"இன்னும் பாட்டில் திறக்கல. திறந்து பாத்துட்டுத்தான் விடுவேன்."

"என்ன பாட்டிலு?"

சட்டியைத் தூக்கிக் காட்டினேன். விளக்கினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "சார், கேரட்டு வாடுதுங்கேன், நீங்க பாட்டிலக் காட்டுறீங்க. கொஞ்சம் மணந்தாலும் பரவால்ல, தொறங்க" என்றார்.

"கொஞ்சம் மணந்தா மண்டியில திருப்பி அனுப்புவான். அப்புறம் கேரட்டுக் கட்டோட என் வாசலுக்குத்தான் வருவீங்க. முடியாது."

"என் தோட்டம் சார்!"

"என் தண்ணி."

அவர் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று என் மனைவியிடம், "அம்மா, இவரோட எப்படிக் குடும்பம் நடத்துதீங்க?" என்று கேட்டார். "செங்கல்லு மேல நடக்கிற மாதிரிதான்" என்றாள் அவள்.

பொங்கல் அவர் வைத்த கெடு. அதற்குள் நான் திறக்கவில்லை. மேல்வீடுகளிலிருந்து பொங்கலும் கரும்பும் வந்தன, வாங்கிக்கொண்டேன், சாக்கு அப்படியே இருந்தது. திறக்கச் சொல்லி மேட்ரம்மா ஒரு முறை கூப்பிட்டுச் சொன்னார். வாடகை வீட்டுக்காரர் கூப்பிடவே இல்லை. பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் பாட்டிலைத் திறந்தேன். மூக்கருகே வைத்தேன். மனைவியிடம் நீட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிறகு மோந்து பார்த்தாள். "மண் வாசனை" என்றாள். இன்னொரு பாட்டில் வைத்திருந்தேன். அதையும் திறந்தேன். அதுவும் மண்தான்.

தோட்டக்காரருக்குப் போன் செய்தேன். அவர் கீழ் முனையிலும் நான் மேல் முனையிலும் நின்றோம். போர்வையை உருவி, ஒரு சாக்கை இழுத்தேன். தண்ணீர் குழாய்க்குள் உறிஞ்சிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. இரண்டாவது சாக்கையும் எடுத்தேன். தடுப்புச் சுவருக்கு மேல் எட்டிக் கீழே கத்தினேன்.

"வருதா?"

"வருது சார்!"

"என்ன வாசம் வருது?"

அவர் குனிந்தது தெரிந்தது. நெடுநேரம் குனிந்தே இருந்தார்.

"ஒன்னும் இல்ல சார்."

"ஒன்னும் இல்லேன்னா? சோப்பா, சாக்கடையா?"

"ஒன்னும் இல்லேன்னா ஒன்னும் இல்ல சார்! தண்ணி வாசம். வீட்டுக்குப் போங்க, பனி விழுது!"

"இன்னொரு தரம் மோந்து பாருங்க" என்றேன்.